பாண்டி பஜார்: அம்மாவுக்கு பெஞ்ச் கிடைத்தது, லைனிங் துணிக்குத்தான் அலைந்தோம்

அம்மாவின் கத்திரிப்பூ கலர் புடவைக்கு ஃபால்ஸும், பிளவுஸுக்கு லைனிங் துணியும் வாங்க வேண்டும். மொத்தமே 150 ரூபாய் சாமான். சென்னை மேற்கு மாம்பலத்தில் 20 வருடத்துக்கு மேல் குடியிருக்கிறோம், தண்டவாளத்தைத் தாண்டினால் தி.நகர், பாண்டி பஜார் அங்கேதான். ஊரெல்லாம் பஸ் பிடித்து ரயில் பிடித்து வந்து சாமான் வாங்குகிற இடம் எங்களுக்கு நடந்து போகிற தூரம். கேட்பவர்கள் "கொடுத்து வைத்தவர்கள்" என்பார்கள். ஒரு தீபாவளிக்கு எங்கள் தெருவில் வந்து இருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்: வாசல் கேட்டை அடைத்து ஆறு ஸ்கூட்டர் நிற்கும், எதுவும் தெரிந்தவர் வண்டியாக இருக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேம்பாலம், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 570 மீட்டர், 28 கோடி ரூபாய்க்கு மேல் ஆனதாம். அது எங்களுக்குப் பெரிய உதவி. முன்பு அம்மாவை ரங்கநாதன் தெரு வழியாக அழைத்துப் போவது என்றால் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் நடந்து, நடுவில் அவரைப் பொத்திப் பொத்திக் கொண்டு போக வேண்டும். இப்போது மேலே லிஃப்டில் ஏறி, கீழே தலைகள் நகர்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறார். "இவ்வளவு கூட்டத்துலயா நாம போயிட்டிருந்தோம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பாண்டி பஜாரை ஒட்டியிருக்கிற பனகல் பார்க் போக ஆட்டோக்காரர் சொன்ன தொகையில் லைனிங் துணியே வாங்கிவிடலாம், அது தனிக் கதை. பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்ததிலிருந்து அங்கே எந்த வழி எப்போது திறந்திருக்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. ஸ்மார்ட் சிட்டி பணம், ஏறக்குறைய 40 கோடி. வண்டியே வராது என்ற பேச்சோடு ஆரம்பித்தது, இப்போது நடுவில் வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. ஆனாலும் இரண்டு பக்கமும் பிளாட்பாரம் அகலமாக இருக்கிறது. சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போகிறவர்களை சென்னையில் வேறு எந்தக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. உட்கார கல் பெஞ்சுகள் உண்டு. மூன்று மணிக்குப் போனால் அதில் தோசை வார்க்கலாம். நிழல் விழுகிற பெஞ்ச் எது என்று தெரிந்த உள்ளூர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், நாங்களும்தான். ஐந்தரைக்கு மேல் பிள்ளைகள் ஓடுவதும் பெரியவர்கள் ஒன்றும் வாங்காமல் சும்மா உட்கார்ந்து பேசுவதுமாக நன்றாகவே இருக்கும். ஒரு கடைத்தெருவில் ஒன்றும் வாங்காமல் உட்கார இடம் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கழிப்பறைதான் பிரச்சினை. அம்மாவுக்கு அவசரம் என்றதும் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் போனோம், கடைப் பெயர் வேண்டாம். ஐந்தாவது மாடி என்றார்கள். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, சுடிதார், பட்டு, குழந்தை உடை என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் மேலே போய்ச் சேர்ந்தது.

சரி, வந்ததுதான் வந்தோம், லைனிங்கையும் இங்கேயே வாங்கிவிடலாம் என்று நினைத்ததுதான் தப்பு. மேட்சிங் பிரிவில் ஒரு பெண் சலிக்காமல் ஏழெட்டு துணி எடுத்துப் புடவை மேல் வைத்துக் காட்டினார். கவுன்டருக்கு அடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. கடை ஊழியர்கள் உட்கார வசதி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டி இருந்தது, அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு துணி அப்படியே பொருந்தியது. வாசல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டேன், பில் போடாமல் துணி கீழே போகாது என்றார். பில் ஒரு இடம், பணம் ஒரு இடம், டெலிவரி தரைத்தளம். தெருவுக்கு வந்து பையைப் பிரித்தால் கத்திரிப்பூவாவது ஒன்றாவது, துணி நாவல்பழக் கலரில் இருக்கிறது! திரும்பப் போய்க் கேட்டால் வெட்டின துணியை மாற்ற மாட்டார்களாம். அதுவும் நியாயம்தான், வெட்டினதை அவர்கள் யாருக்கு விற்பார்கள்?

அப்புறம் அம்மாவே வழி காட்டினார். ஒரு சந்துக்குள் பத்தடி அகலத்தில் ஒரு மேட்சிங் கடை. சுவர் முழுக்க துணிச் சுருள்கள், பச்சையில் மட்டும் முப்பது இருக்கும். கடைக்காரர் புடவையைத் தொட்டுப் பார்த்தார், மூன்று சுருளை உருவினார், நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே "வெளில வெச்சுப் பாருங்கம்மா" என்று தெருவுக்கே கொண்டு வந்துவிட்டார். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று வைத்துப் பார்த்து, நடுவில் இருந்ததைக் காட்டி "இதான். துவைச்சா ஒரு சுற்று வெளுக்கும், அப்ப சரியா சேரும்" என்றார். மீட்டருக்கு அந்தப் பெரிய கடையை விட பத்து ரூபாய் அதிகம். ஃபால்ஸ் வைத்து பீகோ போட்டு வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார், புதன்கிழமையே போன் வந்துவிட்டது.

இந்த மாதிரிக் கடைகள் பாண்டி பஜாரின் முன்பக்கத்தில் வரவரக் குறைகின்றன. பிளாட்பாரம் அழகானதும் வாடகை ஏறியது என்றுதான் எந்தக் கடைக்காரரிடம் பேசினாலும் சொல்கிறார்கள். முன்பக்கம் ஷூவும் செல்போனும் கண்ணாடி ஃபிரேமுமாக, எந்த ஊர் மாலிலும் பார்க்கிற பெயர்ப் பலகைகள். பிளாட்பாரக் கடைகளை 2013இல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள், 600 பேருக்கு மேல். நடக்க வழி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஹேர்கிளிப் என்பது போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குகிற சாமான், அதற்காக யார் மாடி ஏறுவார்கள்? கீழ்த்தளத்தில் ஓரளவு வியாபாரம் இருக்கிறது. மேலே போய்ப் பார்த்தேன், ஒருவர் பொட்டு அட்டைகளைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, வழி தப்பி வந்தவன் என்று நினைத்திருப்பார்.

இன்னொன்று, மழை. தி.நகரே 1920களில் ஏரி இருந்த இடத்தில் போட்ட மனைகள், தண்ணீருக்கு அது மறக்கவில்லை. 2021 நவம்பரில் இந்தப் புதுக் கற்களின் மேலேயே தண்ணீர் நின்றது, தி.நகர் தெருக்களில் நாள் கணக்கில் வடியவில்லை. அதன் பிறகு வடிகால் வேலை நடந்திருக்கிறது. இருந்தாலும் மழை நாளில் அம்மாவை அந்தப் பக்கம் அழைத்துப் போக மாட்டேன்.

காய்கறிக்கும் மளிகைக்கும் நாங்கள் மேற்கு மாம்பலத்து ஆரியகவுடா சாலையோடு சரி, அதற்கு யாரும் 40 கோடி செலவழிக்கவில்லை, அங்கே நடக்கவும் இடமில்லை. மாடு, ஆட்டோ, கீரைக்கூடை எல்லாவற்றோடும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். அந்த பஜார் பிளாட்பாரத்தில் கால்வாசி அகலம் இங்கே கிடைத்தால்கூட அம்மா தனியாகவே போய் வெண்டைக்காய் வாங்கி வருவார்.

நடைமேம்பாலத்துக்கு ஐந்துக்கு நாலரை. பாண்டி பஜார் நடைபாதைக்கு மூன்றரை, கழிப்பறை கண்ணில் படும்படி இருந்தால் நாலு. போகிறவர்கள் வார நாளில் காலை 11 மணிக்குள் போங்கள், ஞாயிறு வேண்டவே வேண்டாம். மேட்சிங் வாங்குவதானால் புடவையைக் கையோடு கொண்டு போங்கள், வெளிச்சத்தில் பார்க்க விடுகிற கடையா என்று முதலில் கேளுங்கள். அந்த நாவல்பழத் துணி இன்னும் பீரோவில் கிடக்கிறது, அதற்குப் பொருந்துகிற புடவை ஒன்று வாங்கினால் என்ன என்று அம்மா நேற்று ஆரம்பித்திருக்கிறார்.