பழைய கார் மீட்டர் பேனல்: பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பேனல், "ஒரே வண்டியில் கழற்றியது, எல்லாம் ஒரிஜினல்" என்று எங்களிடம் விற்கப்பட்டது. பார்சலைப் பிரித்தால், வெவ்வேறு வண்டிகளின் மீட்டர்களைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். வந்த படங்கள் எல்லாமே முன்பக்கம்தான். புது குரோம் வளையத்தின் பளபளப்பில் மற்றது கண்ணில் படவில்லை.

ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் மீட்டர் கம்பெனியின் ஸ்பீடோமீட்டர் டயலின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் எஸ்என் என்று தொடங்கும் குறியீடும், அதோடு 1280, 1000 போல ஓர் எண்ணும் இருக்கும். வண்டி ஒரு மைல் ஓட, ஸ்பீடோமீட்டரைச் சுழற்றும் கேபிள் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அந்த எண். எங்களுக்கு வேண்டியது 1280, வந்தது 1000. இதை மாட்டினால் 60 மைல் வேகத்தில் முள் 77ஐத் தொடும். 100 மைல் ஓடியதை 128 என்று கணக்குக் காட்டும். கேபிளை மாற்றிப் பயனில்லை, கோளாறு அதில் இல்லை. (விடிஓ என்ற ஜெர்மன் கம்பெனி டயலில் 'டபிள்யூ=' என்றிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்றுக் கணக்கு.)

ஆர்பிஎம் மீட்டர் ஆறு சிலிண்டர் வண்டியுடையது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அது 2000தான் காட்டும். ஆர்விஐ என்று குறியீடு இருந்தால் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை வண்டி பாடியோடு இணைவது) என்றும் கேட்டுவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

மனசு ஆறாதது ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் சேர்ந்த இரட்டை மீட்டர் விஷயத்தில்தான். அதன் பின்னாலிருந்து கம்பிச்சுருள் சுற்றிய மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி, ரேடியேட்டர் பக்கம் போகும் பல்பில் (விளக்கல்ல, சூட்டை உணரும் உலோகக் குமிழ்) முடியும். உள்ளே ஈதர் என்ற, சட்டென்று ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும். சூட்டில் அதன் அழுத்தம் ஏறித்தான் முள் நகர்கிறது. பேனலைச் சீக்கிரம் கழற்ற, குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, மிச்சமிருந்த ஒரு சாண் துண்டைப் பின்னால் மடித்துவிட்டிருந்தார்கள். வெட்டிய கணமே ஈதர் போயிருக்கும். அதற்குப்பின் கொதிநீரில் வைத்தாலும் முள் அசையாது. புதுக் குழாயும் பல்பும் பற்றவைத்து மறுபடி ஈதர் அடைப்பது அந்த வேலையே செய்பவர்களால்தான் முடியும்.

பெட்ரோல் மீட்டரிலும் இரண்டு வகை உண்டு. 1960களின் நடுவில் வந்தது மெதுவாக ஏறும். அதற்கு 10 வோல்ட் ஸ்டெபிலைசர் வேண்டும். நேரே 12 வோல்ட் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பழைய காந்த வகை சட்டென்று துள்ளும். டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்கு அனுப்பும் சென்டரும் (sender) அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

டயல் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். ஒரிஜினலில் மை ஒரே சீராக இருக்கும். இதில் பொடிப் புள்ளிகள் தெரிந்தன, பிரிண்டர் ஸ்டிக்கர். "பழைய சாமான் அப்படித்தான் இருக்கும்" என்ற விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

படம் கேட்கும்போது பேனலின் முழுப் பின்பக்கம், ஒவ்வொரு டயலின் அடிக்குறியீடு, செம்புக் குழாய் நுனியில் பல்பு, இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பல்பு படம் வரவில்லையென்றால் குழாய் வெட்டுப்பட்டது என்றே வைத்து விலை பேசுங்கள்.