வேலூரில் கடை, விடுதி நடத்துபவர்களுக்கு: உங்கள் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது?

போன கார்த்திகையில் ஒரு நாள், நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டு எழுந்து போனேன். தன்பாத்திலிருந்து வந்த வங்காளிக் குடும்பம். இடுப்பெலும்பு முறிந்த பெரியவரை அவருடைய மகன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். உடன் வந்த அம்மாள், பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் காத்துக்கொண்டு வந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் விடுதியின் இணையதளத்தை அச்செடுத்த தாள் அது. எங்கள் நீலக் கதவு, அம்மாவின் துளசி மாடம், இரண்டாம் எண் அறையின் கட்டில், எல்லாம் அதில் இருந்தன. கீழே இருந்த கைபேசி எண் மட்டும் எங்களுடையது இல்லை.

"மாசிமா, இந்த எண்ணில் உங்களோடு பேசியது நாங்கள் இல்லை" என்று அந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கவில்லை. தரைத்தளத்து அறை என்று சொல்லி நாலாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். காட்பாடியில் இறங்கிக் கூப்பிட்டால், அங்கே இடம் இல்லை, வேறு இடம் தருகிறோம் என்று எங்கோ ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியைக் காட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது. படத்தில் பார்த்த கதவைத் தேடி அவர்களாகவே வேறு ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அன்று எங்களிடம் ஓர் அறைகூடக் காலியில்லை. அப்பாவின் கட்டிலைப் பெரியவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கூடத்தில் மற்றவர்களுக்குப் பாய் விரித்தோம். மாசிமா படுக்கவில்லை. அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பெயரை நம்பி வந்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர் எங்கள் கையை விட்டுப் போனது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வலையில் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

வேலப்பாடியில் அப்பா ஆரம்பித்த பதினோரு அறை விடுதி எங்களுடையது. வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1900-இல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்றால் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காந்தி ரோட்டில் வங்காளப் பெயர்ப்பலகைகள் தொங்குவதும், பொரியும் கடுகெண்ணெயும் விற்பதும் அவர்களுக்காகத்தான். அவர்கள் ஊரில் இருந்தபடியே அறை தேடுகிறார்கள். முன்பெல்லாம் ஸ்டேஷனில் தரகர் கையில் விழுவார்கள். இப்போது கைபேசியில் தேடுகிறார்கள். அதனால்தான் 2021-இல் இணையதளம் வைத்தோம்.

அந்தத் தளம் நன்றாக வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு இணையதளமே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நாள் வாடகை எவ்வளவு, எந்த நான்கு அறைகளில் ஏ.சி. இல்லை, எந்த அறையில் மேற்கத்தியக் கழிப்பறை, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனியாகக் காசு உண்டா, எல்லாவற்றையும் மறைக்காமல் போட்டோம். சக்கர நாற்காலி நுழையுமா என்று பலர் கேட்டதால், அப்பா டேப் வைத்து ஒவ்வொரு கதவையும் அளந்தார். தரைத்தளத்துக் கதவுகள் 32 அங்குலம். அதையும் போட்டோம். மருத்துவமனை வாசலுக்கு நோயாளியோடு மெதுவாக நடந்தால் எத்தனை நிமிடம் என்று நானே நடந்து பார்த்து எழுதினேன். வங்காளப் பக்கத்தை எழுதித் தந்தவர், மனைவியின் சிகிச்சைக்காக எங்களிடம் நாற்பது நாள் தங்கிய பர்தமான் பள்ளி ஆசிரியர் ஒருவர். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

வந்தவர்கள் திரும்பி வந்ததும் அதனால்தான். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள் அல்லவா, அந்தத் தேதியைக் கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்வேன். இருபது நாள் முன்னதாக, அறை வேண்டுமா என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, கூடவே எங்கள் தளத்தின் முகவரி. அதை அவர்கள் ஊரில் இன்னொருவருக்கு அனுப்புவார்கள். 2023 முடிவதற்குள், வந்தவர்களில் பாதிக்கு மேல் பழையவர்கள் அல்லது பழையவர்கள் சொல்லி வந்தவர்கள்.

இவ்வளவுக்கும் அடியில் இருந்த ஒரு விஷயத்தை நான் பார்க்கவே இல்லை. தளத்தை அமைத்துத் தந்தவர் இந்த ஊர்க்காரர்தான். அவர் பெயரையோ நிறுவனத்தையோ இங்கே போடப் போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. 25,000 ரூபாய் வாங்கினார். பிறகு வருடத்துக்கு 6,000. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, பணம் அவருடைய சொந்த எண்ணுக்கு. "அக்கா, டெக்னிக்கல் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு எதற்குத் தலைவலி" என்றார். நான் தலையாட்டினேன்.

2024 ஆவணியில் திடீரென்று 18,000 கேட்டார். கணக்குச் சொல்லுங்கள் என்றேன், சொல்லவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: டாட் காம் முகவரி ஒன்றைப் புதுப்பிக்க ஓராண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆகிறது. அப்படியானால் நானே பார்த்துக்கொள்கிறேன், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றேன். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. ஐப்பசியில் தளத்தில் எங்கள் எண் போய் வேறு எண் வந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. சொந்தத் தளத்தை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? அழைப்புகள் குறைந்தன, பண்டிகைக் காலம் என்று நினைத்துக்கொண்டோம்.

டொமைன் என்று சொல்கிறார்களே, அந்த இணைய முகவரி ஒரு சொத்து மாதிரி. யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் அதற்கு உரியவர். காசு கொடுத்தது நான், பெயர் எங்கள் விடுதியின் பெயர், ஆனால் பதிவு முழுவதும் அவர் பெயரில். கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மின்னஞ்சல்களும் அவருக்குத்தான் போயின. தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் அவருடையது. கூகுள் மேப்பில் எங்கள் விடுதியின் பதிவைக்கூட அவரே முதன்மை உரிமையாளராக இருந்துகொண்டு, என்னை வெறும் மேலாளராகச் சேர்த்திருந்தார். மேலாளர் உரிமையாளரை நீக்க முடியாது.

முகவரியைச் சட்டப்படி மீட்க வழி கேட்டேன். டாட் காம் முகவரிகளுக்கு 1999-இல் வந்த தகராறு தீர்வு முறை ஒன்று இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் அப்படி ஒரு மனுப் போட 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். அதற்கும் விடுதியின் பெயரில் நமக்கு வணிகக்குறி உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். பதினோரு அறை வைத்திருப்பவளால் ஆகிற காரியமா?

ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மறுநாள் காலை மாசிமாவின் மகன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தான். புகார் எண் கிடைத்தது, நாலாயிரம் இன்னும் வரவில்லை. நானும் தனியாகப் புகார் கொடுத்தேன். தொழிலுக்காக வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலர் சொன்னார்கள். ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியது என்பதால் நாமும் நுகர்வோர்தான் என்று வாதாடிப் பார்க்கலாம் என்றார் வழக்கறிஞர். அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறோம்.

இரண்டு காரியங்களில் ஜெயித்தோம். தளத்தில் இருந்த படங்களெல்லாம் என் தம்பி எடுத்தவை. மூலப் படங்கள் அவன் பழைய கைபேசியில் தேதியோடு இருந்தன. அவற்றை இணைத்து, படங்களின் காப்புரிமை எங்களுடையது என்று ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினோம், பத்து நாளில் படங்களை எடுத்துவிட்டார்கள். மேப் பதிவின் உரிமையைக் கோரியபோது வீடியோ கேட்டார்கள். தெருமுனையிலிருந்து கைபேசியை ஓடவிட்டு நடந்து வந்தேன். தெருப்பெயர், எங்கள் பெயர்ப்பலகை, பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து நீலக் கதவைத் திறப்பது வரை வெட்டில்லாமல் காட்ட வேண்டியிருந்தது. கை நடுங்கியது. பதிவு எங்களிடம் திரும்பி வந்த அன்று அம்மா துளசி மாடத்தில் விளக்கு ஏற்றினாள்.

முகவரி மட்டும் வரவில்லை. என் பெயரில், என் மின்னஞ்சலில், என் கைபேசிக்கு ஓடிபி வருகிற மாதிரி, புதிய முகவரி ஒன்றை நானே பதிவு செய்தேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆசிரியர் எழுதிய நோட்டுப் புத்தகம் பத்திரமாக இருந்ததால் வங்காளப் பக்கம் அப்படியே திரும்ப வந்தது. வாடிக்கையாளர்களைக் காப்பாற்றியது விருந்தினர் பதிவேடு. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் அப்பா எப்போதும் பதிவேட்டில் கறாராக இருப்பார். அதிலிருந்து நானும் தம்பியும் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, பழைய முகவரியை நம்ப வேண்டாம் என்று சொன்னோம். இரண்டு மாதம் ஆனது. சில எண்கள் இப்போது இல்லை. நோயாளி இறந்துவிட்டார் என்று சில வீடுகளில் சொன்னார்கள். அந்த அழைப்புகளுக்குப் பிறகு அன்றைக்கு மேற்கொண்டு யாரையும் கூப்பிட முடியவில்லை.

தையல் கடையோ, பிரியாணிக் கடையோ, ஆம்பூரில் செருப்புக் கடையோ, ஆரணியில் பட்டுக் கடையோ, தளம் வைத்திருந்தால் அமைத்துத் தந்தவரை இன்றே கேளுங்கள்: முகவரி யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கும் தேதி எது, மேப்பில் முதன்மை உரிமையாளர் யார். நல்லவராக இருந்தால் உடனே காட்டுவார், உங்கள் பெயருக்கு மாற்றியும் தருவார். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். மழுப்பினால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள். கூகுளில் முதல் இடம் உறுதி என்று சொல்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள், அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால், வேலப்பாடி, கொசப்பேட்டை, சாய்நாதபுரம் பக்கம் இருப்பவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் நேரில் வாருங்கள், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

பதிவுதாரர் பெயரை மறைத்தாலும் கெடு தேதி எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கும். பழைய முகவரிக்கு வருகிற ஆவணி வரை கெடு இருக்கிறது. அதுவரை அந்த எண் அங்கேயே இருக்கும். படங்களை எடுத்துவிட்டாலும் முன்பு அச்செடுத்த தாள்களும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களும் இன்னும் பலர் கையில் இருக்கின்றன. அப்படி யாராவது உங்கள் வாசலில் வந்து நீலக் கதவு எங்கே என்று கேட்டால், எந்த நேரமானாலும் எங்களிடம் அனுப்பிவையுங்கள். போன மாதம் விடுதிக்கு வெள்ளையடித்தோம். கதவுக்கு மட்டும் அதே நீலத்தையே அடிக்கச் சொன்னேன்.