எங்கள் தெருவைக் குறுக்கிய பணி: ஒரு மதிப்பீடு

எங்கள் ஊர் நகராட்சி செய்து முடித்த தெருச் சீரமைப்பைப் பற்றி, ஒரு மழைக்காலத்தையும் ஒரு சம்பா அறுவடையையும் பார்த்த பிறகு எழுதுகிறேன். நெல் கொள்முதல் நிலையத்துக்குக் குறுக்குவழியாகிவிட்ட எங்கள் குடியிருப்புத் தெருவில் வண்டி ஓடும் பகுதியைக் குறைத்து, இருபுறமும் நடைபாதை அமைத்து, தெருமுனைகளில் அதைச் சற்று வெளியே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

பாராட்டு முதலில் அந்த முனைகளுக்குத்தான். முன்பு நெல் மூட்டை ஏற்றிய லாரிகூட பிரேக்கைத் தொடாமல் திரும்பும். இப்போது வளைவு இறுகிவிட்டதால், ஓட்டுநர் கியரைக் குறைத்து, ஆள் வருகிறதா என்று பார்த்த பிறகே திருப்ப முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் கடக்க வேண்டிய தூரமும் குறைந்திருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல், அதே வண்டி 30 கி.மீ.யில் வரும்போது இருப்பதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு என்பதால், இந்தச் சிறு நிதானம் உயிர் காக்கக்கூடியது.

வேகத்தடை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சாலை வடிவமைப்புக்கு நெறிமுறை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் பரிந்துரைப்பது 3.7 மீட்டர் நீளத்துக்கு 10 செ.மீ. மட்டுமே உயரும் மென்மையான மேடு. நம் தெருக்களில் போடுபவையோ செங்குத்தாக எழுந்து கர்ப்பிணிகளையும் முதுகுவலி உள்ளவர்களையும் வதைப்பவை. அவற்றைத் தாண்டியதும் வண்டி மறுபடி வேகமெடுக்கும். தெருவே குறுகினால் வேகம் கடைசிவரை அடங்கியிருக்கிறது.

குறை ஓரக்கல்லில் இருக்கிறது. அதே அமைப்பின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, நடக்கும் இடம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது, ஓரக்கல் 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்கிறது. அகலம் சரியாக இருக்கிறது. உயரத்தை டேப் வைத்து அளந்தால் எங்கள் வாசலில் 220 மி.மீ. வருகிறது. எதிர்வீட்டுப் பாட்டி கம்பை ஊன்றி ஏற முடியாமல் இன்னமும் வண்டிகளுக்கு நடுவில்தான் நடக்கிறார். யாருக்காகக் கட்டினார்களோ அவருக்கே பயன்படவில்லை என்பது வருத்தம் தருகிறது. நீர் வடிய ஓரக்கல்லில் விட்ட துளைகளும் சிறியவை. ஐப்பசி அடைமழையில் சருகு அடைத்துக்கொண்டு, தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கியது. ஓரக்கல்லைத் தாழ்த்தி, முனைதோறும் சரிவு வைத்து, துளைகளை அகலப்படுத்தும்வரை ஐந்துக்கு மூன்று மதிப்பெண்தான் தருவேன்.

அடுத்து கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் இதைச் செய்யப்போவதாகப் பேச்சு. திருவாரூர் ஆழித்தேரை முனையில் திருப்புவதைப் பார்த்தவர்களுக்கு, தேரோடும் வீதிக்கு முழு அகலமும் எதற்கு வேண்டும் என்று தெரியும். அங்கே கான்கிரீட் வேண்டாம். திருவிழாவுக்கு முன் கழற்றி எடுக்கக்கூடிய தடுப்புக் கம்பங்களையும் பெரிய பூந்தொட்டிகளையும் வைத்தே முனைகளைக் குறுக்கலாம்.