முறிந்த போல்ட்: துளையிடுவதா, நட்டு வைத்து வெல்டிங் செய்வதா?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நித்தம் ஏறி இறங்கும் ஜீப். வாட்டர் பம்பின் 8 மி.மீ. போல்ட் எஞ்சின் பிளாக்கின் வாயிலேயே முறிந்து நின்றது. சேலத்துப் பட்டறையில் இரண்டு யோசனைகள்.

பஞ்ச் அடித்து, துளையிட்டு, முறிந்த போல்ட்டை உள்ளிருந்து கவ்வித் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை இறக்கலாம். செலவு குறைவு. ஆனால் துளை சற்று விலகினாலும் பிளாக்கின் மரையைக் கடித்துவிடும். எக்ஸ்ட்ராக்டரே உள்ளே ஒடிந்தால் போச்சு. அந்தக் கெட்டி எஃகில் சாதாரண டிரில் பிட் வழுக்கும். துருவேறிய போல்ட்டுக்கு நான் இதைத் தொடமாட்டேன்.

நட்டை முறிந்த முனைமேல் வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் செய்தால் சூட்டில் துருவின் பிடி தளரும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அதையே செய்தோம். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக அசைத்தோம். கிரீச்சென முனகி, செம்பொடி உதிர வெளியே வந்தது. முனை ஆழத்தில் புதைந்திருந்தால் மட்டும் டிரில்தான்.