இருந்த இடத்திலேயே வீடா, ஊருக்கு வெளியே வீடா?

சென்னையில் கூவம், அடையாறு கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, குடும்பங்களை ஊருக்கு வெளியே தெற்கில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவது ஒரு வழி. இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது இன்னொன்று. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், இரண்டையும் செய்திருக்கிறது.

பெரும்பாக்கத்தில் ஒழுகாத கூரையும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் கிடைக்கின்றன. மழைதோறும் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். முன்பு நடந்தே வேலைக்குப் போய், நடுவில் பிள்ளைக்குச் சோறு போட வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது விடியும் முன்பே பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு ஷேர் ஆட்டோவுக்கும் போகும். லிஃப்ட் நின்றுபோனால் மேல் மாடிக்குக் குடத்தைச் சுமப்பதும் அவர்தான். அதோடு, வெள்ளத்துக்குப் பயந்து அனுப்பிய இடமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

அதே இடத்தில் கட்டினால்? கட்டி முடிக்கும்வரை வாடகை வீட்டில் காலம் தள்ள வேண்டும். பராமரிப்பு இல்லாமல் காரை பெயர்ந்த பழைய குடியிருப்புகளையும் பார்த்திருக்கிறோம். இருந்தும் வேலை, பள்ளிக்கூடம், கடனுக்கு அரிசி தரும் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஆற்றின் விளிம்பிலேயே இருப்பவர்களை மாற்றித்தான் ஆக வேண்டும், சரி. அவர்களுக்கும் நடக்கிற தூரத்தில் அரசு நிலம் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.