மண் பரிசோதனைன்னு ரூ.38,500 போச்சு. வீடு கட்டப் போறவங்க ரிப்போர்ட்டை நம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சனிக்கிழமை சாயங்காலம் கயித்துல கல்லைக் கட்டி ரெண்டாவது குழிக்குள்ள விட்டுப் பார்த்தோம். நாலு மீட்டர்ல கல்லு தட்டி நின்னுடுச்சு. கையில இருக்கிற ரிப்போர்ட்ல அந்தக் குழியோட ஆழம் 10 மீட்டர். இதுக்குத்தான் ரூ.38,500 கட்டியிருக்கோம்.

பேர் போடலை. வீட்டு வேலைக்கெல்லாம் ஆள் பிடிச்சுத் தர்ற ஒரு ஆப், அதுல பதிவு பண்ணியிருக்கிற ஒரு மண் பரிசோதனை கம்பெனி, அவ்வளவுதான். இடம் கோவில்பட்டி பக்கம், சுத்தமான கரிசல். முன்னாடி வீடு, பின்னாடி குடோன், குடோனுக்கு லாரி வந்து போக ஒரு ரோடு. ரெண்டு போர் (சோதனைக் குழி), தலா 10 மீட்டர், 1.5 மீட்டருக்கு ஒரு எஸ்.பி.டி. (சுத்தியலால அடிச்சு மண்ணோட பலத்தைப் பார்க்கிற சோதனை), லேப் சோதனை, ரோட்டுக்கு சி.பி.ஆர். (ரோட்டுக்கு அடியில இருக்கிற மண் எவ்வளவு பாரம் தாங்கும்னு பார்க்கிற சோதனை), எல்லாம் சேர்த்து ரூ.38,500. கரிசல்ல கட்டுறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்தது.

திங்கட்கிழமை முதல் குழி. குறையே சொல்ல முடியாது. முக்காலி நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியல், கைடு ராடுல 75 செ.மீ.க்கு சாக்பீஸ் கோடு, ஒவ்வொரு அடிக்கும் சுத்தியல் அந்தக் கோடு வரைக்கும் போய் விழுந்துச்சு. ஒவ்வொரு தடவையும் குழியோட அடியில கிடந்த சகதியை வழிச்சு எடுத்த பிறகுதான் ஸ்பூனை (சுத்தியலால மண்ணுக்குள்ள அடிச்சு இறக்குற குழாய்) இறக்கினாங்க. ராடுல 15 செ.மீ.யா மூணு கோடு. 1.5 மீட்டர்ல முதல் 15 செ.மீ.க்கு 4 அடி, அடுத்து 6, அடுத்து 9. முதல் 4-ஐ விட்டுட்டு N மதிப்பு (கடைசி 30 செ.மீ. இறங்க ஆன அடி எண்ணிக்கை) 15-னு எழுதினாங்க. மூணையும் கூட்டி 19-னு எழுதுற ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. இவங்க அப்படிச் செய்யலை. அங்கதான் விழுந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலையில சூப்பர்வைசர், "அண்ணே, நேத்து பார்த்தீங்கள்ல, அதே டீம்தான். வெயில்ல ஏன் நிக்கிறீங்க? ஆப்புல ஒரு ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொல்லிடுங்க, பசங்களுக்கு பேட்டா போடணும்"னு சொன்னாரு. முந்தின நாள் வேலையைப் பார்த்த நம்பிக்கையில 9 மணிக்கே ஓ.டி.பி. சொல்லியாச்சு. அந்த நாலு இலக்கத்துக்கு ஆப்புல "வேலை முழுவதும் முடிந்தது"ன்னு அர்த்தமாம். ரூ.38,500 மொத்தமும் அந்த நிமிஷமே அவங்க கணக்குக்குப் போயிடுச்சு.

முதல் குழிக்கு விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஆச்சு. ரெண்டாவது குழிக்கு ரெண்டு மணி நேரம்தான்னு எதிர்த்த டீக்கடைக்காரர் சொல்றாரு.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை காலையில வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. கலர் அட்டை, முத்திரை, 26 பக்கம். ரெண்டு போருக்கும் N மதிப்பு 15, 17, 22, 28, 36, கடைசியில 50-க்கு மேல். ரெண்டுக்கும் ஒரே எண்கள். பக்கத்துப் பக்கத்துல போட்ட குழியிலேயே ஒண்ணு ரெண்டு மாறும். இது 22 மீட்டர் தள்ளி. அதுவும் ரெண்டாவது புள்ளியை வேணும்னே வடக்கு மூலையில குறிச்சுக் கொடுத்திருந்தோம், பழைய குட்டையைக் கட்டட இடிபாடு கொட்டி மூடின இடம் அது. அங்க எத்தனை அடிக்கு ரொப்பின மண்ணுன்னு தெரியணும்னுதான் அந்தக் குழியே. ரிப்போர்ட்ல அங்கேயும் மேலிருந்தே "கெட்டியான கருப்புக் களிமண்". குழி ஓரத்துல செங்கல் துண்டு கிடக்குது!

அடுத்தது சி.பி.ஆர். ரோட்டுக்கு மண் எடுத்ததே செவ்வாய்க்கிழமை. அதைக் காய வெச்சு, அச்சுல இடிச்சு, தண்ணியில 96 மணி நேரம் ஊறப் போட்டு, அப்புறம்தான் பிஸ்டனை நிமிஷத்துக்கு 1.25 மி.மீ. வேகத்துல இறக்கணும். ஊறுறதுக்கே நாலு நாள் ஆகும்போது வெள்ளிக்கிழமை காலையில எண் எப்படி வரும்? ஆனா வந்திருக்கு, 8 சதவீதம். ஊறின கரிசல் பெரும்பாலும் 2, 3-ல நிக்கும். 8-னு நம்பி ஜல்லி கனத்தைக் குறைச்சுப் போட்டா முதல் மழையிலேயே லாரி டயர் பள்ளம் பறிச்சுடும்.

கன்சாலிடேஷன் (சுமை ஏத்தினா மண் எவ்வளவு அமுங்கும்னு பார்க்கிற சோதனை) வரைபடம் வேற இருக்கு. அந்தச் சோதனையில ஒவ்வொரு சுமைக்கும் 24 மணி நேரம் விடணும், அஞ்சாறு சுமைன்னா ஒரு வாரம். அதைவிட, கலையாத மண் மாதிரிக்கான குழாயை அவங்க கொண்டு வரவே இல்லை. மாதிரியே எடுக்காத மண்ணுக்கு வரைபடம்!

இதுக்கெல்லாம் மேல, 1.5 மீட்டர்ல தனித்தனி ஃபுட்டிங் (ஒவ்வொரு தூணுக்கும் அடியில போடுற கான்கிரீட் அடித்தளம்), சதுர மீட்டருக்கு 18 டன் தாங்கும்னு பரிந்துரை. வீக்கம்ங்கிற வார்த்தையே 26 பக்கத்துல இல்லை. கரிசல்ல அமுங்குறது பாதிப் பிரச்சினைதான். மழையில வீங்கி ஃபுட்டிங்கைத் தூக்கும், கோடையில சுருங்கிக் கீழ விடும். வறண்ட மாசத்துல அடிச்ச N மதிப்பு அழகா வரும், அதே மண் ஐப்பசியில கொழகொழன்னு கிடக்கும். அதனாலதான் ஈரம் மாறாத ஆழம் வரைக்கும், குறைஞ்சது 3.5 மீட்டர், அடியில குமிழ் வெச்ச அண்டர் ரீம் பைல் (மண்ணுக்குள்ள இறக்குற கான்கிரீட் தூண்) இறக்குறது. இவங்க பேச்சைக் கேட்டிருந்தா ஒரு தூண் கரிசல்ல, ஒரு தூண் இடிபாட்டு மேல நின்னு, சுவர் மூலைக்கு மூலை கிழிஞ்சிருக்கும்.

கேட்டதுக்கு வந்த பதிலையும் எழுதிடுறேன். "குழி இடிஞ்சிருக்கும் சார்." முந்தின நாள் போட்ட முதல் குழியில கல்லு 9 மீட்டருக்கு மேல இறங்குது, இது மட்டும் எப்படி இடிஞ்சுச்சு? சரி, இடிஞ்சாலும் தோண்டின மண் மேலதானே கிடக்கணும்? 150 மி.மீ. குழி 10 மீட்டர்னா கெட்டி மண்ணே 6 கன அடி, உதிர்ந்தா பாண்டு சட்டியில பதினஞ்சு வரும். அங்க ஆறு சட்டி கூட தேறாது.

அடுத்து, "டைப்பிங் மிஸ்டேக், திருத்தி அனுப்புறோம்." திங்கட்கிழமை திருத்தின ரிப்போர்ட் வந்துச்சு. ரெண்டாவது போர் இப்போ 14, 18, 21, 29, 35. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணைக் கூட்டிக் கழிச்சிருக்காங்க. செங்கல் இப்பவும் இல்லை.

ஆப்புல புகார் கொடுத்தா, "சேவை நிறைவடைந்ததை உங்கள் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்துள்ளீர்கள்"னு ரெண்டு தடவை புகாரை மூடிட்டாங்க. இன்னைக்குக் காலையில கம்பெனிக்காரர் கடைசியா சொன்னது: "18 பயமா இருந்தா 15-ஆ போட்டுத் தர்றேன் சார், சேஃப் சைடு." ஒரு குடும்பம் படுத்துத் தூங்கப் போற வீட்டோட அஸ்திவார எண்ணைப் பேரம் பேசுறாரு. அதுக்கப்புறம் போன் எடுக்கலை. ரூ.38,500 திரும்பி வரலை.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்போ இருக்கிற மனநிலையில முடியலை. இதை மட்டும் கவனிங்க.

ரிப்போர்ட்டைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஓ.டி.பி. சொல்லாதீங்க. எல்லாக் குழிக்கும் உங்க ஆள் ஒருத்தர் கடைசி வரைக்கும் நிக்கட்டும், முக்காலியைக் கழட்டுறதுக்கு முன்னாடி கயிறு விட்டு அளந்துடுங்க. சுத்தியல் விழுற உயரத்தை வீடியோ எடுங்க. 75-க்குப் பதிலா 60 செ.மீ. தூக்கினா அடி எண்ணிக்கை கூடி, 12 வர வேண்டிய மண் 15-னு வரும், பலவீனமான மண் பலமா தெரியும். லேப்ல தேதி போட்ட கணக்குத் தாளைக் கேளுங்க. கரிசல்னா வீக்க அளவும் வீக்க அழுத்தமும் இல்லாத ரிப்போர்ட்டை வாங்காதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணியாச்சு. வடக்கு மூலையில நாளைக்கு வேற ஆளை வெச்சுத் திரும்பக் குழி போடுறோம்.