ஆர்எக்ஸ் 100 சார்ஜிங்: பழைய ஏசி வயரிங்கா, ஃபுல் டிசியா?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. இன்றைக்கு ரோட்டில் ஓடும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய முப்பது வயது, பலவற்றுக்கு நாற்பதை நெருங்குகிறது. சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போட்டுப் பளபளவென்று எடுத்து வருகிறார்கள். அப்புறம் பார்த்தால் ஐடிலில் ஹெட்லைட் மங்குகிறது, இண்டிகேட்டர் சோம்பலாக மினுக்குகிறது, பேட்டரி அடிக்கடி இறங்குகிறது. கடையில் கேட்டால் பெரும்பாலும் மூன்று யோசனை வரும்: பழைய வயரிங்கையே புதுசாகப் போடு, ஏசியில் எரியும் எல்இடி பல்பு மாட்டு, இல்லையென்றால் ஃபுல் டிசி பண்ணு. ஏசி என்றால் திசை மாறிமாறி ஓடும் மின்சாரம், டிசி என்றால் ஒரே திசையில் ஓடுவது. ஃபுல் டிசி என்றால் ஹெட்லைட் உட்பட எல்லாவற்றையும் பேட்டரியின் டிசியிலேயே ஓட்டுவது.

முதலில் கம்பெனி போட்ட ஏற்பாடு. எஞ்சினோடு சுழலும் காந்தமான மேக்னட்டுக்குள் இருக்கும் காயிலிலிருந்து ஒரு பங்கு மின்சாரம் ஏசியாகவே ஹெட்லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் போகிறது. இன்னொரு பங்கு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வழியாகப் பாதி அலை மட்டும் டிசியாகி பேட்டரிக்கு வருகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் அந்தப் பேட்டரியை நம்பி இருக்கின்றன. ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐக்குத் தனிக் காயில் உண்டு, அதனால்தான் பேட்டரியே இல்லாமலும் வண்டி கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை இருக்கிறது. ராத்திரி ஊருக்கு வெளியே பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் எரியும். குறையும் அதே இடத்தில்தான்: ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) இறங்கினால் வெளிச்சமும் இறங்கும். 35 வாட் பல்புக்கு ஐடிலில் காயில் கொடுப்பது போதாது.

ஏசி எல்இடி பல்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மலிவு, அரை மணி நேர வேலை. ஆனால் பல பல்புகள் குறைந்த ஆர்பிஎம்மில் படபடக்கின்றன, பேட்டரி சார்ஜிங்குக்கும் இதனால் பெரிய லாபமில்லை. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குச் சரி.

ஃபுல் டிசிதான் உண்மையான போட்டியாளர். பழைய ஏற்பாட்டில் காயிலின் ஒரு முனை, காயில் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரின் இரும்பிலேயே எர்த் ஆகியிருக்கும், அதாவது வண்டியின் உலோக உடம்போடு இணைந்திருக்கும். ஃபுல் டிசியில் அந்த முனையைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். புல்லர் போட்டு மேக்னட்டைக் கழற்றி, ஸ்டேட்டர் பிளேட்டை வெளியே எடுத்தால், எனாமல் பூசிய காயில் கம்பியின் நுனியை ஒரு சின்ன லக்கில் (உலோக இணைப்புத் துண்டில்) ஈயம் வைத்து இரும்போடு பிடித்திருப்பது தெரியும். அந்த ஈயத்தை உருக்கி நுனியை விடுவித்து, புது வயர் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் ஏற்றி, வார்னிஷ் தடவிக் கட்டுகிறார்கள். சிடிஐ காயிலின் எர்த்தை மட்டும் தொடக்கூடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவசரக் கையில் மாறிப்போக வாய்ப்பு அதிகம். இப்போது காயிலிலிருந்து வரும் இரண்டு வயர்களும் ஏசியை டிசியாக்கி வோல்ட்டையும் கட்டுப்படுத்தும் ஃபுல் வேவ் ரெகுலேட்டருக்குப் போகும், அலையின் இரண்டு பாதிகளும் பேட்டரிக்குப் பயன்படும்.

இந்த எர்த்தைப் பிரிக்காமலே புது ரெகுலேட்டரை மாட்டிவிட்டு “டிசி ஆயிடுச்சு தம்பி” என்று அனுப்புவதும் நடக்கிறது. ஹெட்லைட் எரியும், சார்ஜும் கொஞ்சம் ஏறும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. உள்ளே நடப்பது வேறு. ஒரு பாதி அலை வழக்கம்போல் பேட்டரிக்குப் போகிறது. மறுபாதி, ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாகக் காயிலுக்கே திரும்பி ஷார்ட் ஆகிறது. காயிலும் சூடாகும், ரெகுலேட்டரும் சூடாகும், கடைசியில் இரண்டில் ஒன்று கருகும். இதைவிடப் பழைய ஏசி எவ்வளவோ மேல். கண்டுபிடிப்பது சுலபம்: வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, சார்ஜிங் காயிலின் இரண்டு வயரையும் ஒவ்வொன்றாக எஞ்சின் பாடியோடு மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். பீப் சத்தம் கேட்டால் எர்த் இன்னும் பிரியவில்லை. ஹெட்லைட் லைனைப் பழைய ஏசி வயரிலேயே விட்டுவைத்தாலும் இதே கதைதான், பல்பு வழியாகக் காயில் மறுபடி எர்த்தைத் தொட்டுவிடும். லைட் எல்லாவற்றையும் சாவி வழி டிசிக்கு மாற்றி, பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட வேண்டும்.

ஃபுல் டிசிக்கு விலையும் உண்டு. பேட்டரி போனால் ஹெட்லைட்டும் போகும். டிராஃபிக்கில் ஐடிலில் நின்றபடி 35 வாட் பல்பும் 21 வாட் பிரேக் லைட்டும் எரிந்தால் ஏறக்குறைய நாலரை ஆம்பியர், அதில் பெரும்பகுதியைப் பேட்டரிதான் தாங்க வேண்டும். அதனால் பழைய பல்பை வைத்துக்கொண்டு டிசி பண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 12 முதல் 18 வாட் எல்இடி, கூடவே கொஞ்சம் பெரிய பேட்டரி என்றால் கணக்கு சரியாக வரும். மொபைல் சார்ஜர் வேண்டும், ராத்திரி நெடுஞ்சாலை ஓட்டம் உண்டு என்பவருக்கு இதுதான் என் சிபாரிசு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கிறவருக்கும், ஒரிஜினலாக வைத்திருக்க ஆசைப்படுகிறவருக்கும் பழைய ஏசியே போதும்.

இனி எர்த். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இங்கேதான் பாதி வண்டிகள் தோற்கின்றன. பழைய வண்டியில் ஃபிரேமே நெகட்டிவ் வயர். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சின் மவுண்டிங் போல்ட், எர்த் லக் உட்காரும் இடம், ரெகுலேட்டரின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் அந்தப் பூச்சு ஏறிவிட்டால், மின்சாரம் போல்ட்டின் மரை வழியாகத் தட்டுத் தடுமாறித்தான் போகும். அங்கே அரை ஓம் தடை இருந்து மூன்று ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் காலி. 12 வோல்ட் வண்டியில் அது சின்ன இழப்பில்லை.

உப்புத்தாளால் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, வாசலின் தடவி இறுக்குவது ஒரு வழி. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, ரெகுலேட்டருக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று என்று தனி எர்த் வயர் இழுப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதின் பக்கம். கிக் ஸ்டார்ட் வண்டிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். “பாடி எர்த்தே போதும்” என்ற வாதம் வண்டி புதுசாக இருந்தபோது சரி. மழையும் துருவும் பார்த்த ஃபிரேமுக்கு அது பொருந்தாது.

ரெகுலேட்டரின் எர்த்தை ஏன் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோக வேண்டும் என்றால், அது தன் சொந்த முனைகளில் தெரியும் வோல்ட்டை வைத்துத்தான் கட்டுப்படுத்துகிறது. தன் பக்கம் 14.2 பார்த்துத் திருப்தி அடையும்; வழியில் அரை வோல்ட் இழந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.7 தான். சாவி வழியாக வோல்ட் பார்க்கத் தனி வயர் உள்ள மாடல்களில் கதை தலைகீழ். சாவி காண்டாக்ட் தேய்ந்திருந்தால் பேட்டரியில் வோல்ட் குறைவு என்று நினைத்து அதிகமாக ஏற்றி, பேட்டரித் தண்ணியைக் கொதிக்கவைக்கும். இந்த இரண்டு கோளாறுக்கும் ரெகுலேட்டரையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

ரெகுலேட்டர் வாங்கும்போது ஷன்ட் வகையா சீரிஸ் வகையா என்ற கேள்வியும் வரும். ஷன்ட், மிச்ச மின்சாரத்தைக் காயிலுக்கே ஷார்ட் செய்து தள்ளும். சீரிஸ், தேவையில்லாதபோது இணைப்பையே துண்டிக்கும். சீரிஸில் காயில் சூடு குறைவு. ஆனால் துண்டித்த நேரத்தில் காயிலில் வோல்ட் எகிறும், முப்பது வருஷ எனாமலுக்கு அது சோதனை. சின்ன காயில் உள்ள ஆர்எக்ஸுக்கு நல்ல ஷன்ட் ஒன்றே போதும்.

வேலை முடிந்ததும் ஹெட்லைட் எரிய, 3000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். அப்படியே எஞ்சின் ஓட, மல்டிமீட்டரின் ஒரு வயர் முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் ஃபின்னிலும், பிறகு ஹெட்லைட்டின் எர்த் முனையிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியாகவில்லை.